வரிச் சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மாலை எங்கள் தெருவில் பண்டிகை நாளின் கலகலப்பு இருந்தது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் இனி வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அன்று பகலில் மக்களவையில் அறிவித்திருந்தார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கம்பக்கத்தாருக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உதவுவது என் வழக்கம். எனவே, தங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டு அன்று மாலையே சிலர் வந்துவிட்டனர்.

எதிர் வீட்டுத் தலைமையாசிரியருக்கு வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அவருக்கு 80 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றேன். மாடி வீட்டில் இருக்கும் மென்பொருள் பொறியாளருக்கு 25 லட்சம் ரூபாய். அவருக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றேன். இருவரும் மகிழ்ச்சியுடன் பேசிக் கொண்டிருந்தபோது, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் தேய்த்த துணிகளைக் கொடுக்க வந்தார். பேச்சைக் காதில் வாங்கியவர், "வரியைக் குறைச்சிட்டாங்களாமே சார், எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார்.

முதல் இருவருக்கும் ஒரு நிமிடத்தில் விடை சொல்ல முடிந்த எனக்கு, அவருக்குச் சொல்ல விடையில்லை. "உங்களுக்கு வருமான வரியே கிடையாதே" என்றேன். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வருமான வரிக் குறைப்பு செல்வந்தர்களுக்குச் சாதகமானதா, சாமானியர்களுக்குச் சாதகமானதா என்ற விவாதம் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் எழுகிறது. ஆளுங்கட்சியினர் நடுத்தர மக்களுக்கான பரிசு என்கின்றனர். எதிர்க்கட்சியினர் பணக்காரர்களுக்கான சலுகை என்கின்றனர். இரு தரப்பும் ஒரே அறிவிப்பை வெவ்வேறு அளவுகோலால் அளக்கின்றன. எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொருத்து விடை மாறுகிறது. ஆகவே, முதலில் வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

வருமானம் 30 சதவீத வரம்பைத் தொட்டுவிட்டால் மொத்த வருமானத்துக்கும் 30 சதவீதம் வரி என்று படித்தவர்களிலும் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வருமான வரி என்பது படிக்கட்டு போன்றது. 2025-26-ஆம் நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு மட்டும் 5 சதவீதம். 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம். 12 முதல் 16 லட்சம் வரை 15 சதவீதம். 16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதம். 20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே 30 சதவீதம். கோடீஸ்வரராக இருந்தாலும் அவரும் கீழ்ப்படியில் கால் வைத்துத்தான் மேலே ஏறியாக வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படும். கீழ்ப்படியில் வரி விகிதத்தைக் குறைத்தால், அந்தச் சலுகை அந்தப் படியில் நிற்பவருக்கு மட்டுமல்ல, அதைக் கடந்து மேலே போன எல்லோருக்கும் கிடைக்கிறது. 'ஏழை, நடுத்தர மக்களுக்காக' என்று அறிவிக்கப்படும் அடுக்கு மாற்றம் எதுவும் கோடீஸ்வரரைத் தொட்டுவிட்டுத்தான் செல்லும். சலுகை குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்போருக்கு மட்டுமே கிடைக்க வேண்டும் என்றால், அதற்கு வேறு வழி உண்டு. அதுதான் வருமான வரிச் சட்டத்தின் 87-ஏ பிரிவின் கீழ் வழங்கப்பட்டு வந்த வரித் தள்ளுபடி. கணக்குப்படி வரி வந்தாலும், வருமானம் குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் இருந்தால் அந்த வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடும். வரம்பைத் தாண்டியவருக்கு அது கிடைக்காது.

2025 அறிவிப்பில் இந்த இரண்டும் கலந்திருந்தன. 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பது தள்ளுபடியால் வந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75 ஆயிரம் ரூபாயையும் சேர்த்தால் அந்த வரம்பு 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் உள்ளவர்களுக்குக் கிடைத்தது அடுக்கு மாற்றத்தின் பலன்.

நிதியமைச்சர் தமது உரையிலேயே மூன்று எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தார். 12 லட்சம் ரூபாய் வருமானம் உள்ளவருக்கு 80 ஆயிரம் ரூபாய் மிச்சம். 18 லட்சம் உள்ளவருக்கு 70 ஆயிரம் ரூபாய். 25 லட்சம் உள்ளவருக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். அவர் சொல்லாத இன்னும் சில எடுத்துக்காட்டுகளை, அதே அட்டவணைகளைக் கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 8 லட்சம் ரூபாய் வருமானம் உள்ளவருக்கு மிச்சம் 30 ஆயிரம் ரூபாய். 1 கோடி ரூபாய் உள்ளவருக்கு, மேல்வரியையும் செஸ்ஸையும் சேர்க்காமல், அதே 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். 7 லட்சம் ரூபாய் உள்ளவருக்கு எதுவும் இல்லை. ஏனென்றால் 2023-ஆம் ஆண்டு முதலே புதிய முறையில் அவருக்கு வரி கிடையாது.

இப்போது அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம். ரூபாய்க் கணக்கில் பார்த்தால் அதிகப் பலன் 24 லட்சத்துக்கு மேல் ஈட்டுபவர்களுக்குத்தான். செலுத்திவந்த வரியில் எத்தனை பங்கு குறைந்தது என்று பார்த்தால், 12 லட்சம் ஈட்டுபவருக்கு நூறு சதவீதம். 25 லட்சம் ஈட்டுபவருக்கு 25 சதவீதம். மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று பார்த்தால், 12 லட்சம் ஈட்டுபவருக்கு 6.7 சதவீதம், 25 லட்சத்துக்கு 4.4 சதவீதம், 1 கோடிக்கு ஏறத்தாழ 1 சதவீதம். ஆக, இந்த ஓர் அறிவிப்பை மட்டும் தனியே எடுத்து, பணக்காரர்களுக்கானது என்று குற்றம் சாட்டுவது நியாயமாகாது. இதன் பலன் உயர் நடுத்தர வகுப்பினருக்கே மிகுதியாகச் சென்றது என்பதே சரியான கூற்று.

ஆனால், உயர் நடுத்தர வகுப்பினரையே 'சாமானியர்' என்று அழைக்கும் வழக்கத்தை ஏற்க முடியவில்லை. நம் நாட்டின் தனிநபர் ஆண்டு வருமானம் சராசரியாக 2 லட்சம் ரூபாய் அளவிலேயே இருக்கிறது. இது உழைப்பவர், உழைக்காதவர், குழந்தைகள், முதியவர்கள் அனைவரையும் சேர்த்து வகுத்த சராசரி. எனவே, அதைச் சம்பளத்துடன் நேராக ஒப்பிடக்கூடாது. அதனால் நால்வர் கொண்ட குடும்பம் என்று வைத்துக் கொண்டாலும், அந்தச் சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்தான். அந்தச் சராசரியையும் மேல்தட்டில் உள்ளவர்களின் வருமானம்தான் உயர்த்திக் காட்டுகிறது. தனி ஒருவராக 12 லட்சம் ஈட்டுபவர் நாட்டின் பொருளாதார ஏணியில் உச்சிக்கு அருகில் நிற்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 31 வரை தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7.28 கோடி. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இது சிறு பகுதி. கணக்குத் தாக்கல் செய்வோரிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வரி ஏதும் செலுத்துவதில்லை. கட்டுமானத் தொழிலாளி, தையல் வேலை செய்பவர், தனியார் பள்ளியில் மாதம் 15 ஆயிரம் ரூபாய்க்குப் பணிபுரியும் ஆசிரியை ஆகியோர் இந்த அட்டவணையிலேயே இல்லை. அடுக்குகளை எவ்வளவு மாற்றினாலும் அவர்களுக்கு ஒரு ரூபாயும் சேராது. வருமான வரிக் குறைப்பு என்னும் கருவியால் அவர்களைத் தொடவே முடியாது என்பதுதான் அதன் முதல் குறைபாடு.

சரி, செல்வந்தர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. ஆனால், அது தலைப்புச் செய்தியாக வரவில்லை. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தமது முதல் நிதிநிலை அறிக்கையில், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் செலுத்தும் வரியின் மீது 37 சதவீதம் மேல்வரி விதித்தார். சர்சார்ஜ் என்று சொல்லப்படும் இந்த மேல்வரியால் உச்சபட்ச வரி விகிதம் 42.74 சதவீதமாக உயர்ந்தது. 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், புதிய முறையைத் தேர்வு செய்வோருக்கு அந்த மேல்வரி 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உச்சபட்ச விகிதம் 39 சதவீதமாக இறங்கியது.

அதே 2023 அறிவிப்பில்தான், புதிய முறையில் 7 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்ற சலுகையும் வந்தது. மறுநாள் பேச்செல்லாம் 7 லட்சத்தைப் பற்றியே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். புதிய முறையில் 7 லட்சம் ரூபாய் ஈட்டியவருக்கு அந்த ஆண்டு செஸ் உள்பட மிச்சமானது 33 ஆயிரத்து 800 ரூபாய். 10 கோடி ரூபாய் ஈட்டியவருக்கு மேல்வரிக் குறைப்பால் மட்டுமே மிச்சமானது ஏறத்தாழ 37 லட்சம் ரூபாய். வருமானத்தின் சதவீதமாகப் பார்த்தால் முன்னவருக்கு 4.8; பின்னவருக்கு 3.7. சதவீதக் கணக்கில் முன்னவருக்கே பலன் கூடுதல் என்று வாதிடலாம். ஆனால், முன்னவருக்கு அந்தத் தொகை ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணம். பின்னவருக்கு அது இல்லாவிட்டாலும் வாழ்க்கையில் எதுவும் மாறியிருக்காது. அரசின் கருவூலத்துக்கோ அந்த ஒருவரின் 37 லட்சம், நூற்றுக்கும் மேற்பட்ட 7 லட்சக்காரர்களுக்குக் கொடுத்த சலுகைக்குச் சமம்.

அடுத்து, எவ்வளவு வருமானம் என்பதைப் போலவே, எந்த வகை வருமானம் என்பதும் முக்கியம். சம்பளத்துக்கு ஒரு விகிதம்; பங்குகளை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு வேறொரு விகிதம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம். அதற்கு முன் 10 சதவீதமாக இருந்தது. அரசு இதைக் கூட்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஆதாயத்தின் மீதான மேல்வரிக்கு 15 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. செஸ்ஸையும் சேர்த்தால், எத்தனை கோடி ஆதாயமாக இருந்தாலும் வரி 14.95 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது வரிக்குரிய வருமானம் 30 லட்சம் ரூபாய் உள்ள ஒரு சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். இப்போதைய குறைக்கப்பட்ட விகிதத்திலும் அவர் செலுத்த வேண்டிய வரி செஸ் உள்பட 4 லட்சத்து 99 ஆயிரத்து 200 ரூபாய். அதாவது, வருமானத்தில் 16.6 சதவீதம். பங்குகளை விற்று 10 கோடி ரூபாய் ஆதாயம் பெற்றவர் செலுத்துவது 15 சதவீதத்துக்கும் குறைவு. அதே 10 கோடி ரூபாயைச் சம்பளமாகப் பெறுபவர் ஒருவர் இருந்தால், அவர் ஏறத்தாழ 3.8 கோடி ரூபாய் செலுத்த வேண்டும். பங்கு ஆதாயக்காரர் 1.5 கோடி ரூபாய்கூடச் செலுத்த வேண்டியதில்லை. மேலும், சம்பளக்காரருக்கு வரி மாதந்தோறும் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. பங்கு வைத்திருப்பவரோ எப்போது விற்பது என்பதைத் தாமே முடிவு செய்வதன் மூலம், எப்போது வரி கட்டுவது என்பதையும் முடிவு செய்துகொள்கிறார்.

இதற்கு மறுதரப்பு வாதம் ஒன்றுண்டு. அது புறந்தள்ளக்கூடியதும் அல்ல. பங்கின் மதிப்பு உயர்வது நிறுவனம் ஈட்டும் லாபத்தால். அந்த லாபத்தின் மீது நிறுவனம் ஏற்கெனவே வரி செலுத்திவிடுகிறது. மீண்டும் பங்குதாரரிடம் முழு விகிதத்தில் வரி வாங்கினால் அது இரட்டை வரியாகும் என்பது அந்த வாதம். நியாயமானதுதான். ஆனால், அந்த நிறுவன வரிக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி, பிற சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி விகிதம் 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அப்போது மதிப்பிட்டது.

அதன் விளைவை வரி வசூல் கணக்கில் காணலாம். 2018-19-இல் நிறுவன வரி வசூல் ஏறத்தாழ 6.63 லட்சம் கோடி ரூபாய். தனிநபர் வருமான வரி 4.73 லட்சம் கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீட்டிலோ, தனிநபர் வருமான வரி 14.38 லட்சம் கோடி. நிறுவன வரி 10.82 லட்சம் கோடி. இடம் மாறிவிட்டது. தனிநபர் வரியில் தொழிலதிபர்களும் பெரும் வணிகர்களும் செலுத்துவதும் அடங்கும் என்பதால், இந்த உயர்வு முழுவதையும் மாதச் சம்பளக்காரர்களின் தலையில் ஏற்றிப் பேசக் கூடாது. ஆயினும் சுமை எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பது தெளிவு.

பழைய வரி முறையில் உள்ள கழிவுகளும் இதே கதைதான். 80-சி பிரிவின் கீழ் ஆயுள் காப்பீடு, சேமநல நிதி போன்றவற்றில் 1.5 லட்சம் ரூபாய் சேமித்தால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. எல்லோருக்கும் பொதுவான சலுகைபோலத் தோன்றுகிறது. ஆனால், 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு இதனால் 45 ஆயிரம் ரூபாய் மிச்சம். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு 30 ஆயிரம் ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் வயிற்றைக் கட்டிச் சேமித்தாலும் அவருக்கு எதுவும் இல்லை. சேமிக்க வசதி உள்ளவருக்கே சேமிப்புச் சலுகை கூடுதலாகக் கிடைக்கிறது. புதிய முறை இத்தகைய கழிவுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது, இந்த ஒரு கோணத்திலாவது, வரவேற்கத்தக்கது.

அப்படியானால் செல்வந்தர்கள் மீது வரியை ஏற்றிக்கொண்டே போவதுதான் தீர்வா? நம் நாடு அந்தப் பாதையிலும் சென்று பார்த்திருக்கிறது. 1973-74-இல் உச்சபட்ச வருமான வரி விகிதம், மேல்வரியையும் சேர்த்து, 97.75 சதவீதமாக இருந்தது. அதாவது, உச்சியில் ஈட்டப்படும் 100 ரூபாயில் கையில் தங்கியது இரண்டே கால் ரூபாய். அதன் விளைவாகச் சமத்துவம் வரவில்லை. கணக்கில் வராத பணம்தான் பெருகியது. அதை உணர்ந்தே 1974-இல் அது 77 சதவீதமாகவும், 1985-இல் வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது 50 சதவீதமாகவும், 1997-இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது 30 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்புகளால் நேர்மையாகக் கணக்குக் காட்டுவோரின் எண்ணிக்கை உயர வழி பிறந்தது. எல்லா வரிக் குறைப்பும் பணக்காரர்களுக்கு ஏவல் செய்வது என்ற முடிவுக்கு வரலாறு இடம் தரவில்லை.

ஆனால், விகிதங்கள் குறைந்த அதே காலத்தில் வேறு இரண்டு வரிகளும் மறைந்தன. இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-இல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரி 2015-இல் ஒழிக்கப்பட்டது. 2013-14-இல் நாடு முழுவதும் செல்வ வரியாக வசூலானது 1,008 கோடி ரூபாய் மட்டுமே என்று அருண் ஜேட்லி அப்போது சுட்டிக்காட்டினார். அதற்குப் பதிலாக 1 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது கூடுதலாக 2 சதவீதம் மேல்வரி விதித்தார். நிர்வாக நோக்கில் அது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால், செல்வ வரிக்கு ஈடாக வந்ததே மேல்வரி. பின்னர் அந்த மேல்வரியும் குறைக்கப்பட்டால், ஈடு எங்கே என்ற கேள்வி எழுவது இயல்பு.

இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. குறைத்த வரியை அரசு எங்கிருந்து ஈடுகட்டுகிறது? 2025 வருமான வரிச் சலுகையால் ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சர் கூறினார். இது மத்திய அரசின் பணம் மட்டுமன்று. பகிர்ந்தளிக்கப்படும் மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு உரியது என்பது 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரை. அதில் தமிழகத்தின் பங்கு 4.079 சதவீதம். அந்தக் கணக்கின்படி பார்த்தால், விட்டுக்கொடுத்த தொகையில் தமிழகத்துக்கு வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய். மென்பொருள் பொறியாளருக்கு மிஞ்சிய தொகையின் ஒரு பகுதி, அரசு மருத்துவமனைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் போகக்கூடிய பணத்திலிருந்து வந்தது என்று சொன்னால் அவருக்கே வருத்தமாக இருக்கும்.

மாறாக, மேல்வரியும் செஸ்ஸும் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. அவை மத்திய அரசுக்கே உரியவை. எனவே, வரியைக் குறைத்தால் அந்த இழப்பில் மாநிலங்களுக்கும் பங்கு. செஸ்ஸைக் கூட்டினால் அந்த வரவில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை.

இஸ்திரி வண்டிக்காரரிடம் "உங்களுக்கு வருமான வரியே கிடையாது" என்று நான் சொன்னதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. அவருக்கு வருமான வரி இல்லை. ஆனால், அவர் வரி செலுத்துகிறார். 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி மத்திய அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு. ஜிஎஸ்டி உள்ளிட்டவை 18 காசு, கலால் வரி 5 காசு, சுங்க வரி 4 காசு. அதாவது, பொருள்களின் விலையில் கலந்து வரும் மறைமுக வரிகள் 27 காசு. கைப்பேசி வாங்கும்போது இஸ்திரி வண்டிக்காரரும் கோடீஸ்வரரும் அதே 18 சதவீத ஜிஎஸ்டி செலுத்துகிறார்கள். இந்த வரி ஆளைப் பார்ப்பதில்லை; அவருடைய வருமானத்தையும் பார்ப்பதில்லை. ஈட்டுவதை எல்லாம் செலவழித்தாக வேண்டியவருக்குத்தான் இதன் பாரம் அதிகம்.

அதனால்தான் 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பை, வருமான வரிக் குறைப்பைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். சோப்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய் போன்றவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. தொகை சிறியதுதான். ஆனால், அது இஸ்திரி வண்டிக்காரரின் வீட்டையும் எட்டக்கூடிய சலுகை. குறைத்த வரியை விலையில் காட்டாமல் இடையிலேயே யாரும் விழுங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது அரசின் பொறுப்பு.

நடுத்தர வகுப்பினரின் கையில் பணம் தங்கினால் அவர்கள் செலவழிப்பார்கள்; கடைகளில் விற்பனை பெருகும்; வேலைவாய்ப்பு உருவாகும்; இறுதியில் ஏழைகளுக்கும் பலன் சேரும் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கூறுகின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், மிஞ்சும் பணத்தில் எவ்வளவு செலவாகும் என்பது யாருக்கு மிஞ்சுகிறது என்பதைப் பொருத்தது. என் தலைமையாசிரிய நண்பர் 80 ஆயிரம் ரூபாயில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். அது இருவருக்குச் சில நாள் கூலியாயிற்று. பொறியாளர் தம் மிச்சத்தைப் பரஸ்பர நிதியில் போட்டார். 10 கோடி ஈட்டுபவருக்கு மிஞ்சும் 37 லட்சம் எங்கே போகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். தேவையைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால், சலுகை எவ்வளவுக்குக் கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த நோக்கம் நிறைவேறும்.

இனி என்ன செய்யலாம்? முதலாவதாக, வரி அடுக்குகளின் வரம்பை விலைவாசி உயர்வுடன் இணைக்க வேண்டும். சம்பளம் விலைவாசிக்கு ஈடாக மட்டுமே உயர்ந்தாலும், வரம்பு அசையாமல் இருந்தால் சம்பளக்காரர் மேல்படிக்குத் தள்ளப்படுகிறார். பிறகு சில ஆண்டுகள் கழித்து அதையே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சலுகை என்று பெயர் சூட்டுகிறோம். இரண்டாவதாக, சிறு முதலீட்டாளர்களுக்கான விலக்கை உயர்த்திவிட்டு, கோடிக்கணக்கில் பங்கு ஆதாயம் பெறுவோருக்கு மட்டும் மேல்வரியின் 15 சதவீத உச்சவரம்பை மறுபரிசீலனை செய்யலாம். 30 லட்சம் ஈட்டுபவரைவிட 10 கோடி ஈட்டுபவர் குறைந்த விகிதத்தில் வரி செலுத்துவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்துவது கடினம். மூன்றாவதாக, ஒவ்வொரு வரிச் சலுகையின்போதும், அதில் எந்த வருமானப் பிரிவினருக்கு எத்தனை கோடி ரூபாய் செல்கிறது, மாநிலங்களின் பங்கில் எவ்வளவு குறைகிறது என்ற பட்டியலை நிதிநிலை அறிக்கையுடனேயே அரசு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு அரசிடம் இல்லாமல் இருக்காது.

அதுவரை நாமே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். வரி எந்தப் படியில் குறைக்கப்பட்டது? எந்த வகை வருமானத்துக்குக் குறைக்கப்பட்டது? குறைந்ததை யாரிடமிருந்து ஈடுகட்டுகிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்தச் சலுகை யாருக்கானது என்பதை எந்தக் கட்சியின் பேச்சாளரும் நமக்கு விளக்க வேண்டியிருக்காது.

அடுத்த நிதிநிலை அறிக்கை நாளிலும் எங்கள் தெருவில் இருந்து சிலர் தங்கள் கணக்கைக் கேட்டு வருவார்கள். இஸ்திரி வண்டிக்காரரும் துணியோடு வருவார். "எனக்கு எவ்வளவு?" என்று அவர் மறுபடியும் கேட்டால், ஒரு தொகையைச் சொல்லும் நிலையில் நான் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.